டிக்கி மூடியைக் கார்பன் ஃபைபருக்கு மாற்றியபோது யாரும் சொல்லாதவை

"போல்ட் துளைகள் அச்சு அசலாக இருக்கும். பழையதைக் கழற்றுங்கள், இதை மாட்டுங்கள், அவ்வளவுதான்" என்றார் விற்றவர். துளைகளைப் பற்றி அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த எஃகு மூடி இத்தனை காலம் சத்தமில்லாமல் வேறு என்னென்ன வேலைகளைச் செய்துகொண்டிருந்தது என்பதை அவரும் சொல்லவில்லை, பட்டறையும் சொல்லவில்லை.

பின்னால் வந்த வண்டி இடித்ததில் மூடி நடுவில் மடிந்துவிட்டது. டிங்கரிங் செய்தாலும் விளிம்பு நேராகாது என்றார்கள். காப்பீட்டில் எஃகு மூடிக்கான தொகைதான் கிடைத்தது. கூடுதலை நானே போட்டேன். மாற்றத்தை அவர்களிடம் எழுத்தில் தெரிவித்துவிட்டேன். பின்னொரு நாள் வம்பு வேண்டாம்.

முதல் மூடி மூலை நசுங்கி வந்தது. கொண்டுவந்தவருக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓடும் அவசரம். பிரித்துப் பார்க்காமல் போடமாட்டேன் என்று நின்றதால் பிழைத்தேன். விற்றவர் கூரியர் நிறுவனத்தைக் கைகாட்டினார், அந்த நிறுவனம் விற்றவரைக் கைகாட்டியது. பெட்டியைப் பிரிக்கும் முன்பே எடுத்த படங்கள்தான் மாற்று மூடியை வாங்கித் தந்தன. வந்ததும் அடிப்பக்கத்தையும் பாருங்கள். மேலே ஓர் அடுக்கு கார்பன், கீழே கறுப்புச் சாயம் பூசிய கண்ணாடி இழை என்று இருக்கும் மூடிகள் ஏராளம். அது மோசமான பொருள் அல்ல. முழுக் கார்பன் விலை கேட்பதுதான் மோசம்.

பூச்சு வேலை எதையும் தொடுவதற்கு முன் ஒருமுறை சும்மா மாட்டிப் பார்க்கச் சொன்னேன். இடது பக்கம் துருத்திக்கொண்டு நின்றது. மெக்கானிக் உடனே அரம் எடுத்தார். தடுத்துவிட்டேன். விளிம்பைத் தேய்த்தால் இழைகள் வெளியே வரும், ஈரம் உள்ளே போகும். அந்தத் தூசி தோலையும் மூச்சையும் அரிக்கும். கீல் போல்ட்டுகளைத் தளர்த்தி நகர்த்தி, ஓரத்து ரப்பர் முட்டுகளைத் திருகியதிலேயே இடைவெளி சீரானது. பொறுமை வேண்டும், அரம் வேண்டாம்.

அடுத்தது ஸ்ட்ரட், அதாவது மூடியைத் தூக்கிப் பிடிக்கும் வாயு அடைத்த தண்டு. பூட்டைத் திறந்ததும் மூடி வில்லிலிருந்து விடுபட்ட அம்பு மாதிரி எழும்பிக் கீலையே உலுக்கியது. எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7.8 கிராம், கார்பன் ஃபைபர் கலவைக்கோ 1.6 கிராம் அளவுதான். பழைய எடைக்காக வைத்த கேஸ் ஸ்ட்ரட் இதை வீசத்தான் செய்யும். அதன் உருளையிலேயே விசை நியூட்டன் கணக்கில் அச்சிட்டிருக்கும். அதைவிடக் குறைந்ததை வாங்குங்கள். விளக்கு, பூட்டு, ஸ்பாய்லர் எல்லாம் மாட்டிய பிறகு முடிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் மூடி தலையில் இறங்கும். உங்கள் வண்டியில் ஸ்ட்ரட்டுக்குப் பதில் முறுக்குக் கம்பி (மூடியைத் தூக்க விறைப்பாக முறுக்கி வைத்த கம்பி) இருந்தால் அதற்குரிய கருவி இல்லாமல் கையை வைக்காதீர்கள். இன்னொன்று: இந்த மூடி தன் எடையில் சாத்திக்கொள்ளாது. பூட்டுக்கு நேர் மேலே அழுத்த வேண்டும், மூடிப் பரப்பின் நடுவில் அல்ல.

என்னை மிகவும் எரிச்சலூட்டியது மின்சாரம். நம்பர் பிளேட் விளக்கு எரியவில்லை, பின்பக்கக் கேமராவும் இருண்டது. பட்டறையில் முதலில் பல்பு போய்விட்டது என்றார்கள், பிறகு வயர் அறுந்துவிட்டது என்றார்கள், கடைசியில் வயர் தொகுப்பையே மாற்ற வேண்டும் என்று ஒரு மதிப்பீட்டை நீட்டினார்கள். பழைய மூடியைப் புரட்டிப் பார்த்தேன். மின்சாரம் வண்டியின் உடல் வழியே திரும்பிப் போக வைக்கும் எர்த் வயர் அதன் உலோகத்திலேயே திருகப்பட்டிருந்தது! புது மூடியில் அந்த வயரை இழையும் பிசினுமான பரப்பில் திருகியிருந்தார்கள். அதை நம்பி எர்த் கொடுக்க முடியாது. ஒரு துண்டு வயரை வண்டியின் உடல்வரை நீட்டி, அங்கே பெயிண்டைச் சுரண்டித் திருகியதும் இரண்டும் உயிர்பெற்றன. மதிப்பீட்டுத் தாளை அவர்களிடமே திருப்பிக் கொடுத்தேன். அதில் எனக்கு இருந்த திருப்தி கொஞ்சம் அதிகம்தான்.

போல்ட்டுகளிலும் சண்டை. கையில் கிடைத்த சாதாரண எஃகுப் போல்ட்டுகளை முறுக்கப் பார்த்தார்கள். ஈரம் படும் இடத்தில் கார்பனும் வெறும் உலோகமும் ஒட்டியிருந்தால் அரிக்கப்படுவது உலோகம்தான். அலுமினியம் இன்னும் வேகமாகப் போகும். துருப்பிடிக்காத எஃகுப் போல்ட், நைலான் வாஷர், அதன்மேல் அகலமான உலோக வாஷர் என்று கேட்டு வாங்கிப் போட்டேன். அளவோடுதான் முறுக்க வேண்டும், மீறினால் பிசின் நொறுங்கும்.

குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிச் சோதித்தபோது விளக்கின் மூலையில் கசிந்தது; ரப்பரைத் திருத்திப் பதித்ததும் நின்றது. புற ஊதாக் கதிரைத் தாங்கும் கிளியர் கோட் (நிறமற்ற மேல்பூச்சு) மேலே இருக்கிறதா என்பதை வாங்கும்போதே கேளுங்கள், இல்லாவிட்டால் வெயிலில் பிசின் மஞ்சளாகும்.

பழைய மூடியைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்க அவசரப்படாதீர்கள். பட்டறையில் என்னுடையதை ஏற்றிவிடவே பார்த்தார்கள். மூன்றாவது பிரேக் விளக்கின் ரப்பர் வளையமும் உள்பக்க உறையின் கிளிப்புகளும் அப்போதும் அதில்தான் இருந்தன.