போலிக் கிளைக்குப் போன கடன் பணம்

இங்கிலாந்தில் வீட்டுக்கடன் மோசடி நடந்தால், மோசடிக்காரன் பணத்தோடு மறைந்துவிடுவான். வங்கி அவனைத் தேடி அலையாது, வீடு வாங்கல் விற்றல் வேலையைக் கவனித்த வழக்கறிஞரான சொலிசிட்டர் மீது வழக்குப் போடும். கடைசியில் பணத்தைக் கட்டுவது அவருக்குத் தொழில்சார் பொறுப்புக் காப்பீடு கொடுத்த கம்பெனி.

சொலிசிட்டர் ஏன் மாட்டுகிறார்? கடன் பணம் அவருடைய கிளையன்ட் அக்கவுண்டில், அதாவது பிறர் பணத்தை வைக்கும் கணக்கில், வங்கியின் பணமாகத்தான், டிரஸ்டாக (நம்பி ஒப்படைத்த பொறுப்பாக), இருக்கிறது. விற்பனை நிஜமாக முடிந்து, வங்கிக்கு அடமான உரிமை கிடைக்கும் என்றால் மட்டுமே அதை விடுவிக்கலாம். விற்றவர் போலி என்றால், பணத்தை விடுவித்ததே அந்த நம்பிக்கையை மீறிய செயல். அங்கே அலட்சியத்தை நிரூபிக்க வேண்டிய தேவையே இல்லை.

தப்பிக்க ஒரே வழி 1925ஆம் ஆண்டு டிரஸ்டி சட்டத்தின் 61ஆவது பிரிவு. நேர்மையாகவும் நியாயமாகவும் நடந்தவரை நீதிமன்றம் விடுவிக்கலாம். 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த இரண்டு வழக்குகளை அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் உண்மையான சட்ட நிறுவனத்தின் பெயரில் ஒரு போலிக் கிளை, விற்பவர் தரப்பு சொலிசிட்டராக நடித்தது. மார்க்கண்டன் அண்ட் உதின் என்ற சொலிசிட்டர் நிறுவனத்தின் வழக்கில் 7,42,500 பவுண்டு கடன் போய்விட்டது. அந்தக் கிளை நிஜமா என்று பார்க்கவில்லை, வரவேண்டிய ஆவணங்கள் வராமலே பணம் போனது. விடுதலை கிடைக்கவில்லை. டேவிசன்ஸ் என்ற இன்னொரு நிறுவனத்தின் வழக்கிலோ, சொலிசிட்டர் அதிகாரபூர்வப் பதிவில் தேடினார்; போலிக் கிளை அங்கேயே இடம்பெற்றிருந்தது. அவரை நீதிமன்றம் விடுவித்தது. பாலிசிக்கு விலை வைப்பவர் அந்தத் தேடலின் குறிப்பு ஃபைலில் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

பாலிசி கொடுத்த பிறகு இன்சூரன்ஸ் கம்பெனியின் கை கட்டப்பட்டிருக்கிறது. சாதாரண பாலிசியில் உண்மையை மறைத்தால் கம்பெனி விலகிக்கொள்ளலாம். சொலிசிட்டர் பாலிசியில், ஒழுங்குமுறை அமைப்பான எஸ்.ஆர்.ஏ.யின் குறைந்தபட்ச நிபந்தனைகள் அதைத் தடுக்கின்றன. ஒவ்வொரு கோரிக்கைக்கும் குறைந்தது 20 லட்சம் பவுண்டு காப்பு தர வேண்டும், லிமிடெட் நிறுவனம் அல்லது எல்.எல்.பி. (வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டாண்மை) என்றால் 30 லட்சம். ஒரு பங்குதாரரே மோசடிக்கு உடந்தை என்றாலும் குற்றமற்ற மற்ற பங்குதாரர்களுக்குக் காப்பு உண்டு. கட்டிய பணத்தை உடந்தையானவரிடம் கேட்கலாம். அந்த நேரத்தில் அவரிடம் எதுவும் மிஞ்சியிருப்பது அபூர்வம்.

ஆகவே பாலிசி கொடுக்கும் முன்தான் கேள்வி கேட்க முடியும். கட்டண வருமானத்தில் வீடு வாங்கல் விற்றல் வேலை எத்தனை சதவீதம் என்று எல்லாரும் கேட்கிறார்கள். என் கணக்கில் அது போதாது. எதிர்த்தரப்பு சொலிசிட்டரின் கிளையை எப்படி, எப்போது சரிபார்க்கிறார்கள்? வங்கிக் கணக்கு எண் நடுவில் மாறினால், அந்த மின்னஞ்சலில் இருக்கும் எண்ணுக்கு அல்லாமல் வெளியே தேடி எடுத்த எண்ணுக்குப் போன் செய்கிறார்களா? பணத்தை விடுவிக்க இரண்டு பேர் கையெழுத்து வேண்டுமா? விற்பவர் உரிமையாளராகப் பதிவாகி ஆறு மாதம் ஆகவில்லை என்றால் கடன் கொடுத்தவருக்குத் தெரிவித்திருக்கிறார்களா? வங்கிகள் சொலிசிட்டர்களுக்குத் தரும் கடன் கொடுப்போர் கையேடு கேட்பது இதைத்தான். ஒரே நாளில் வாங்கி விற்று விலை ஏறும் ஃபைல்களைத் தனியே எடுத்துப் படியுங்கள்.

கோரிக்கைக்காகக் கம்பெனி முன்கூட்டியே பணம் ஒதுக்கி வைக்கும்போது ஒரு வித்தியாசம் முக்கியம். ஏ.ஐ.பி. வங்கி ரெட்லர் என்ற சொலிசிட்டர் நிறுவனத்தின் மீது போட்ட வழக்கில், அதே வீட்டின் மீதிருந்த முந்தைய கடன் முழுதாகத் தீர்க்கப்படவில்லை. வங்கி ஏறத்தாழ 25 லட்சம் பவுண்டு கேட்டும், 2014இல் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 2,73,000 மட்டுமே கொடுத்தது. அங்கே வங்கிக்கு இரண்டாம் நிலை அடமானமாவது மிஞ்சியிருந்தது. விற்றவரே போலி என்றால் வங்கியின் கையில் எந்த அடமானமும் இல்லை. அந்த ஃபைலுக்குக் கடன் தொகை முழுவதையும் ஒதுக்குங்கள்.