பெட்டியில் எழுதியது மொடலுக்குப் போய்ச் சேர்ந்ததா? டெஸ்க்டொப் ப்ரக்டிகல் எழுதப்போகும் தம்பி தங்கச்சிமாருக்கு

எடை என்ற பெட்டியில் 58.5 இருந்தது. அதை 85.5 என்று மாற்றிவிட்டு, கேள்வித்தாளில் கேட்டிருந்தபடி கொன்ட்ரோல்-எஸ் அடித்தேன். "சேமிக்கப்பட்டது" என்று கீழே எழுத்து வந்தது. செயலியை மூடித் திரும்பத் திறக்கச் சொன்னார் பரீட்சகர். திறந்தேன். 58.5.

திருகோணமலையில் இருந்துகொண்டு மென்பொருள் டிப்ளோமா படித்த காலத்தில், டெஸ்க்டொப் பாடத்தின் ப்ரக்டிகலில் எனக்கு நடந்தது இது. வீட்டில் அதே செயலியை எத்தனையோ தடவை சோதித்திருந்தேன், ஒருநாளும் பிழைத்ததில்லை. அன்றிரவு உவர்மலை வீட்டில் லாப்டொப்பை விரித்து வைத்துக்கொண்டு தேடியபோதுதான் பிடிபட்டது. வீட்டில் எப்போதும் மவுசால் 'சேமி' பட்டனை அழுத்தியிருக்கிறேன். பரீட்சையில் கீபோர்ட்டால் சேமித்திருக்கிறேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

நான் எழுதியது பைதனில், செயலியின் திரையைக் கட்ட உதவும் கியூட் நூலகத்தை வைத்து. தரவை வைத்திருக்கும் மொடலையும், திரையில் நாம் நிரப்பும் போர்மில் உள்ள பெட்டிகளையும் இணைக்க அதில் டேட்டா விட்ஜெட் மேப்பர் என்று ஒன்று இருக்கிறது. "இந்தப் பெட்டிக்கு மொடலின் மூன்றாம் நிரல், அந்தப் பெட்டிக்கு நாலாம் நிரல்" என்று சொல்லிவிட்டால், நாம் நிற்கும் வரிசையின் தரவை அது பெட்டிகளில் நிரப்பும், மாற்றியதைத் திருப்பி மொடலில் எழுதும். எப்போது எழுதும் என்பதில்தான் விஷயம். ஓட்டோ சப்மிட் என்று விட்டால், கர்சர் அந்தப் பெட்டியை விட்டு வெளியே போகும்போது அல்லது என்டர் அடிக்கும்போது எழுதும். சாதாரண பட்டனை மவுசால் அழுத்தினால் போக்கஸ், அதாவது கீபோர்ட்டில் அடிப்பது போய்ச் சேரும் இடம், பட்டனுக்குப் போய்விடும், பெட்டி தன்னிடம் இருந்ததை மொடலுக்குக் கொடுத்துவிடும். கொன்ட்ரோல்-எஸ் அடித்தால் போக்கஸ் இருந்த இடத்திலேயே இருக்கும். மேலே டூல்பாரில் உள்ள பட்டனும் அப்படித்தான், அழுத்தினாலும் போக்கஸை எடுக்காது. ஆகவே 85.5 பெட்டியோடு நின்றுவிட்டது. மொடல் தன்னிடமிருந்த 58.5 ஐ ஒழுங்காகவே வைத்திருந்தது.

திருத்தம் ஒரே வரி. சேமிக்கும் பங்சனில் முதலில் மேப்பரின் சப்மிட்டைக் கூப்பிடுங்கள், பிறகு மொடலின் சப்மிட் ஓலைக் கூப்பிடுங்கள். முதலாவது, பெட்டிகளில் உள்ளதை மொடலுக்குத் தள்ளும். இரண்டாவது, மொடலில் உள்ளதை டேட்டாபேசுக்குத் தள்ளும். இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால் போகும் புள்ளிகள் கொஞ்சமல்ல.

கியூட் படிக்காமல், அதே வேலைக்கான மைக்ரோசொப்டின் டபிள்யூபிஎப் படிப்பவர்களும் இதைத் தாண்டிப் போகவேண்டாம். அங்கே டெக்ஸ்ட் பொக்ஸின் டெக்ஸ்ட், வேறொன்றும் சொல்லாவிட்டால், போக்கஸ் போகும்போதுதான் மூலத்துக்கு எழுதப்படும். மற்றப் பெரும்பாலான ப்ரொப்பர்ட்டிகள் மாறிய உடனேயே எழுதப்படும். அப்டேட் சோர்ஸ் ட்ரிகர் என்று பரீட்சையில் கேட்பது இதைத்தான்.

எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் இரண்டு கேள்வி கேட்டுப் பழகுங்கள்: இதில் எழுதியது எந்தக் கணத்தில் மொடலுக்குப் போகிறது? மொடல் மாறினால் இதற்கு யார் சொல்வது?

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சொந்தமாக டேபிள் மொடல் எழுதச் சொன்னால், மொடலில் பெறுமதியை எழுதும் பங்சனான செட் டேட்டாவுக்குள் பெறுமதியை லிஸ்டில் போட்டுவிட்டு ட்ரூ என்று திருப்பி அனுப்புவதோடு பலரும் நிறுத்திவிடுவார்கள். தரவு மாறிவிட்டது என்று திரைக்கு அறிவிக்கும் டேட்டா சேஞ்ச்ட் சிக்னலை அனுப்ப மறந்துவிடுவார்கள். போர்மில் மாற்றினால் பக்கத்தில் உள்ள டேபிள் பழையதையே காட்டிக்கொண்டு நிற்கும். டேபிளில் எங்காவது கிளிக் பண்ணினால் திடீரென்று சரியாகும். "கிளிக் பண்ணினால் சரியாகிறது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது அந்தச் சிக்னலைத்தான்.

அடுத்தது ரோல், அதாவது எந்தத் தேவைக்காகத் தரவைக் கேட்கிறது என்பது. டேபிள் காட்டுவதற்கு மொடலிடம் டிஸ்பிளே ரோலில் கேட்கும், பெட்டி நிரப்புவதற்கு எடிட் ரோலில் கேட்கும். டிஸ்பிளே ரோலுக்கு மட்டும் பதில் எழுதினால் டேபிளில் எல்லாம் அழகாகத் தெரியும், பெட்டிகள் வெறுமையாக இருக்கும். டிஸ்பிளேக்கு "85.5 கிலோ" என்று கொடுக்கலாம், எடிட்டுக்கு 85.5 என்ற வெறும் எண்ணைத்தான் கொடுக்கவேண்டும். எல்லாப் பெட்டியும் வெறுமை, ரோலும் சரி என்றால், மேப்பரை முதல் வரிசைக்குக் கொண்டுபோகும் டு பர்ஸ்ட்டைக் கூப்பிட மறந்திருப்பீர்கள். எந்த வரிசை என்று சொல்லும்வரை மேப்பர் எதையும் நிரப்பாது.

இவற்றையெல்லாம் நான் பாடக்குறிப்பில் படித்ததைவிடச் சித்தப்பாவின் மீன் வாடியில் படித்ததுதான் அதிகம். திருக்கடலூரில் அவர் மீன் எடுத்து அனுப்புகிறவர். எந்தப் படகு, என்ன மீன், எத்தனை கிலோ, எவ்வளவு காசு, எல்லாம் ஒரு சீ.ஆர். கொப்பியில் இருக்கும். இரண்டாம் தடவைப் பரீட்சைக்கு முன்னர், அந்தக் கொப்பியை அப்படியே ஒரு செயலியாக எழுதிப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

மீன் பெயருக்கு, பட்டியலில் இருந்து தெரிவு செய்யும் ஒரு கொம்போ பொக்ஸ் வைத்தேன்: பாரை, சூரை, அறக்குளா, விளை. பழைய பதிவுகளைத் தம்பி டைப் பண்ணித் தந்தான். சில இடத்தில் "அறக்குளா", சில இடத்தில் "அறுக்குளா". நான் கவனிக்கவில்லை. ஒருநாள் சித்தப்பா, "என்ன மோனே, அண்டைக்கு அறக்குளா எல்லோ ஏத்தினது, இதில பாரை எண்டு கிடக்கு?" என்று கேட்டார். கொப்பியை எடுத்துப் பார்த்தோம். அவர் சொன்னதுதான் சரி.

நடந்தது இதுதான். மேப்பர் கொம்போவுக்கு "அறுக்குளா" என்ற சொல்லைக் கொடுக்கிறது. பட்டியலில் அப்படியொரு சொல் இல்லை. டைப் பண்ண விடாத கொம்போ என்றால், பொருந்துவது இல்லாதபோது அது அசையாது, முந்தின வரிசையில் காட்டிக்கொண்டிருந்த "பாரை"யிலேயே நிற்கும். அந்த வரிசையில் காசை மட்டும் திருத்திச் சேமிக்கும்போது மேப்பர் எல்லாப் பெட்டியையும் சேர்த்து எழுதுகிறது. ஒருவரும் தொடாத மீன் பெயர் மாறிவிட்டது. எரர் வராது. கொப்பி இல்லாவிட்டால் கண்டுபிடித்திருக்கவே மாட்டோம். ஒரு மனிதர் தன் கணக்கை நம்பித் தந்த இடத்தில் இப்படி நடந்தது எனக்குப் பரீட்சையைவிடக் கூடுதலாக வலித்தது.

மீன் பெயர்களைத் தனி டேபிளில் வைத்து, பதிவில் அதன் இலக்கத்தை மட்டும் வைத்தேன். மொடலை, இலக்கத்துக்குப் பதிலாகப் பெயரைக் காட்டும் ரிலேசனல் டேபிள் மொடலாக மாற்றி, கொம்போவுக்கு அந்த மீன் டேபிளையே மொடலாகக் கொடுத்து, மேப்பருக்கு, பெட்டிக்கும் மொடலுக்கும் இடையே தரவைக் கொண்டுபோகும் ரிலேசனல் டெலிகேட்டை வைத்தேன். பிழைத்த பதிவுகளைக் கொப்பியைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திருத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

வைவா என்ற வாய்மொழிப் பரீட்சைக்கு வரலாறு கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும். மொடல்–வியூ–கொன்ட்ரோலர் (தரவு, காட்டுவது, பயனரின் செயலைக் கையாள்வது என்று மூன்றாகப் பிரிப்பது) என்ற எண்ணம் 1979 இல், செரொக்ஸ் பார்க் ஆய்வுகூடத்தில், ட்ரிக்வே ரீன்ஸ்காக் என்பவரிடமிருந்து வந்தது. கியூட்டில் வியூவும் கொன்ட்ரோலரும் ஒன்றாகி, திருத்தும் வேலை டெலிகேட்டுக்குப் போகிறது. டபிள்யூபிஎப் பக்கம் சொல்லப்படும் மொடல்–வியூ–வியூமொடலை 2005 இல் எழுதியவர் மைக்ரோசொப்டின் ஜோன் கொஸ்மன். டேட்டா விட்ஜெட் மேப்பர் வந்தது கியூட் 4.2 இல், அதுவும் டபிள்யூபிஎப்பும் 2006 இல் வெளியானவை.

படிக்கும்போது முழுப் போர்மையும் ஒரேயடியாகக் கட்டாதீர்கள். ஒரு மொடல், ஒரு நிரல், ஒரு பெட்டி. செட் டேட்டாவுக்குள் ஒரு ப்ரின்ட் வரி போட்டுவிட்டுப் பெட்டியில் எழுதுங்கள். எந்த விசையில், எந்தக் கிளிக்கில் அந்த ப்ரின்ட் வருகிறது என்று கண்ணால் பாருங்கள். மனப்பாடம் செய்த ஒரு பக்கத்தைவிட இந்தப் பத்து நிமிடம் பெறுமதி.

இன்னொன்று: மனுவல் சப்மிட்டில் உள்ள, அதாவது நாம் சொன்னால் மட்டும் டேட்டாபேசுக்கு எழுதும் எஸ்கியூஎல் மொடல், சப்மிட் ஓல் வெற்றியானதும் தரவைத் திரும்ப ஏற்றும். அப்போது நீங்கள் நின்ற வரிசை தவறிப்போகும். சேமிக்கும் முன் வரிசை இலக்கத்தை ஒரு மாறியில் எடுத்து வைத்து, சேமித்த பின் அதே இலக்கத்துக்கு மேப்பரைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

பரீட்சையில் கடைசிப் பத்து நிமிடத்துக்குப் புதிதாக ஒன்றும் எழுதவேண்டாம். மவுசைத் தள்ளி வைத்துவிட்டு, கீபோர்ட்டால் மட்டும் ஒரு பெறுமதியை மாற்றி, அதே பெட்டியில் நின்றபடி கொன்ட்ரோல்-எஸ் அடித்து, செயலியை மூடித் திறந்து பாருங்கள்.