அமிலத்தில் பிழைக்க வைக்கும் யூரியேஸ்

இரைப்பை அமிலத்தில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா தாக்குப்பிடிப்பது யூரியேஸ் நொதியால்தான். யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை அது தணித்துவிடுகிறது. ஆல்ஃபா, பீட்டா எனும் இருவகைப் புரதத் துண்டுகள் (துணையலகுகள்) தலா 12 சேர்ந்த, சுமார் 11 லட்சம் டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) எடையுள்ள பூதம் இந்த நொதி, உள்ளே வெற்றிடம். 2001-இல் இதன் படிக அமைப்பு, அதாவது அணுக்கள் அமைந்திருக்கும் முப்பரிமாண வடிவம், வெளியானது. ஒவ்வொரு பீட்டாவிலும் வினை நடக்கும் இடமான வினைமையம் ஒன்று, அதில் இரண்டு நிக்கல் அயனிகள். கார்பன் டை ஆக்சைடு சேர்ந்த லைசின் என்ற அமினோ அமிலம் ஒன்று அவற்றுக்குப் பாலம். மேலே திறந்து மூடும் மடல்.

ஆய்வகங்களில் புரதம் தயாரிக்கப் பயன்படும் ஈ.கோலை பாக்டீரியாவில் யூரியேஸைத் தயாரிக்கும்போது பெரும்பாலும் சறுக்குவது நிக்கலில்தான். துணையலகுகளுக்கான இரண்டு மரபணுக்களை மட்டும் செருகினால் புரதம் தாராளமாக வரும், வேலைதான் செய்யாது. வினைமையம் காலியாக இருக்கும். நிக்கலை உள்ளே வைக்கும் இ, எஃப், ஜி, எச் எனப்படும் துணைப்புரதங்களின் மரபணுக்களும் வேண்டும்; வளர்ப்பு ஊடகத்தில் நிக்கல் உப்பும் வேண்டும். சத்து நிறைந்த ஊடகமே போதும் என்று நினைக்காதீர்கள்: அதிலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிக்கலைப் பிடித்துக்கொள்ளும்.