சூசையப்பர் போட்ட பிளான்

கிறிஸ்மஸுக்குத் தயாராகற திருவருகைக் காலத்தோட நாலாவது ஞாயிறுன்னா கோயில்ல பாதிப் பேருக்கு மனசு குடில் வேலையில இருக்கும், மீதிப் பேருக்கு கேக் ஆர்டர்ல, வாசகத்தை யாரு கவனிக்கறா. ஆனா மூணு வருஷத்துக்கு ஒருதடவை, மத்தேயு நற்செய்தி வாசிக்கிற வருஷத்துல, அன்னிக்கு வர்ற வாசகங்களை வரிசையா படிச்சுப் பாருங்க, மூணும் கீழ்ப்படிதல்ங்கற ஒரே விஷயத்தைச் சுத்திச்சுத்தி வரும்.

முதல் வாசகம் எசாயா 7. சிரியாவும் இஸ்ரயேலும் கூட்டு சேர்ந்துக்கிட்டு எருசலேம் மேல படையெடுத்து வருது, அங்க ஆட்சி பண்ற யூதா நாட்டு ஆகாசு ராஜாவுக்கு நடுக்கம். கடவுளே இறங்கி வந்து, பாதாளத்துலயோ வானத்துலயோ உனக்கு எங்க வேணுமோ அங்க ஒரு அடையாளம் கேளுங்கறார். அதுக்கு ஆகாசு சொல்ற பதில் இருக்கே, அப்படியே பக்திப் பழம், நான் கேக்க மாட்டேன், ஆண்டவரைச் சோதிக்க மாட்டேன்! கேக்க எவ்வளவு நல்லா இருக்கு? ஆனா அதே ஆகாசு கோயில்ல இருந்த வெள்ளியையும் பொன்னையும் வழிச்செடுத்து அசீரியா ராஜாவுக்கு அனுப்பி, நான் உங்க அடிமை, வந்து காப்பாத்துங்கன்னு கெஞ்சின கதை 2 அரசர்கள் 16ல இருக்கு. அடையாளம் கேட்டா அப்புறம் அதுக்குக் கட்டுப்படணும்ல, அதான் சார் நைசா பக்தியை முன்னாடி நிறுத்திட்டார். இந்த டெக்னிக் நம்ம எல்லாருக்கும் அத்துப்படின்னு நினைக்கறேன் :)

ரெண்டாம் வாசகம் ரோமையர் முதல் அதிகாரம், நம்பிக்கையிலிருந்து வர்ற கீழ்ப்படிதலுக்கு எல்லா இனத்து மக்களையும் கொண்டு வர்றதுதான் தன் வேலைன்னு பவுல் சொல்றார். அது போகட்டும், நான் பேச வந்தது மூணாவது வாசகமான மத்தேயு முதல் அதிகாரத்துல வர்ற சூசையப்பரைப் பத்தி, இயேசுவோட அம்மா மரியாவுக்கு நிச்சயம் ஆனவர்.

கிறிஸ்மஸ் டிராமால பாருங்க, டயலாக் சரியா வராத பையனைத்தான் சூசையப்பரா நிறுத்துவாங்க, கையில ஒரு கோல் குடுத்தா போதும். பைபிள்ல அவர் பேசினதா ஒரு வார்த்தை கூட எழுதல. ஆனா அவர் யோசிச்சதை மத்தேயு எழுதியிருக்கார், அதைத்தான் நாம வேகமா தாண்டிடறோம். ரெண்டு பேரும் சேர்ந்து வாழறதுக்கு முன்னாடியே மரியா கர்ப்பம்னு தெரியவருது. நிச்சயம் ஆன பொண்ணு இன்னொருத்தரோட உறவு வெச்சா கல்லெறின்னு இணைச்சட்டம் 22ல இருக்கு. இவர் அந்தப் பக்கமே போகல, மரியாவை அவமானப்படுத்த மனசு வராம, சத்தமில்லாம விலக்கிடலாம்னு முடிவு பண்றார். எவ்வளவு டீசன்ட்டான முடிவு! நல்ல மனுஷன் எடுத்த முடிவு, இரக்கத்துல எடுத்த முடிவு, ஊர்ல யார்கிட்ட கேட்டாலும் சரின்னுதான் சொல்லியிருப்பாங்க. ஆனா கனவுல ஒரு தூதர் வந்து, இது தூய ஆவியால வந்த குழந்தை, மரியாவை ஏத்துக்கோங்கறார். கடவுள் அதைத்தான் விடச் சொல்றார்.

எனக்கு இந்த இடம் கஷ்டமா இருக்கு, ஒத்துக்கறேன். கெட்ட பழக்கத்தை விடுன்னா சரி, விட முடியலன்னாலும் விடணும்னாவது தெரியும். ஜெபம் பண்ணி, யோசிச்சு, யாரையும் நோகடிக்காம போட்ட பிளானையும் விடுன்னா என்ன பண்றது? ஆகாசு கையில இருந்தது பயத்துல போட்ட மட்டமான பிளான், அவர் விடல. சூசையப்பர் கையில இருந்தது நல்ல பிளான், தூங்கி எழுந்ததும் விட்டுட்டார், தூதர் சொன்னபடி மரியாவை ஏத்துக்கிட்டார். ஊர் வாயை அடைக்க அவருக்கு ஒரு சாட்சியும் கிடையாது, கனவு கண்டேன்னு சொன்னா யாரு நம்புவா.

போப் பிரான்சிஸ் 2015ல மணிலா போனப்ப, தூங்குற சூசையப்பர் சுரூபம் ஒண்ணு தன் மேசையில இருக்கு, ஏதாவது பிரச்சினைன்னா ஒரு சீட்டுல எழுதி அதுக்கு அடியில வெச்சிடுவேன்னு சொன்னார். அதுக்கப்புறம் அந்த சுரூபம் வாங்கி வெச்ச வீடுகள் எக்கச்சக்கம். வாங்குங்க, தப்பில்ல. ஆனா அவர் ஒவ்வொரு தடவையும் எழுந்தார்ங்கறதையும் சேர்த்துப் பாக்கணும், ஏரோது ராஜா குழந்தையைக் கொல்லத் தேடறான், எகிப்துக்குப் போன்னு கனவுல சொன்னதும் விடியறவரைக்கும் கூட இருக்கல, ராத்திரியோட ராத்திரியா கைக்குழந்தையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டார், எப்போ திரும்பணும்னு தேதி கிடையாது, நான் சொல்ற வரைக்கும் அங்கேயே இரு, அவ்வளவுதான் ஆர்டர்.

இதுக்காக அவர் மூளையைக் கழட்டி வெச்சிட்டு நடந்தார்னு நினைக்காதீங்க. ஏரோது செத்ததும் திரும்பி வரச் சொல்லி கனவு வருது, வர்றார். வந்தா யூதேயால ஏரோதோட மகன் அர்க்கெலா ஆட்சி. கொடுமை தாங்காம சனங்களே முறையிட்டு, கடைசியில ரோமே கி.பி. 6ல பதவியைப் பறிச்சு நாடு கடத்தின ஆளு அவன். அங்க போக சூசையப்பர் பயந்தார்னு மத்தேயு பச்சையா எழுதறார். நான் சொன்னப்புறமும் என்ன பயம்னு கடவுள் திட்டல, இன்னொரு கனவு வருது, கலிலேயாவுக்குத் திரும்பி நாசரேத்துல குடியேறறார். பயத்தோட, யோசிச்சு, கேட்டு நடக்கறதும் மனசார கீழ்ப்படியறதுதான்னு எனக்குத் தைரியம் குடுத்தது இந்த ரெண்டு வசனம். என்ன, அது வர்றது கிறிஸ்மஸ் முடிஞ்சு வர்ற திருக்குடும்ப ஞாயிறுல, அன்னிக்கு பிரியாணி களைப்புல கோயில்ல பாதி பெஞ்ச் காலியா இருக்கும்.