ஊருணிக்கு ஓட்டு கேட்டுப் போன கதை

காரைக்குடியில ஒரு சின்ன டிரஸ்ட்ல ஃபீல்டு வேலை பாக்குறேன். ஊருணி, கண்மாய் தூர் வாருறதுதான் எங்க முக்கிய வேலை. பெரிய கம்பெனிங்க லாபத்துல 2 சதவீதம் சமூக வேலைக்குச் செலவு பண்ணணும்னு 2013 கம்பெனிச் சட்டத்துல வந்ததுக்கு அப்புறம் எங்கள மாதிரி ஆளுங்களுக்குப் பணம் வர்ற பாதையே மாறிப்போச்சு. அதுல ஒரு கம்பெனி, திட்டங்களையெல்லாம் ஆன்லைன்ல போட்டு எதுக்கு மக்கள் ஓட்டு நெறைய விழுதோ அதுக்குப் பணம்னு சொன்னாங்க, நாங்களும் ஒரு ஊருணியை எழுதிப் போட்டோம், அப்புறம் ஆபீஸ்ல எல்லாரும் வேற வேலையே பாக்கல, ஓட்டு கேக்குறதுதான் வேலை.

நம்ம பக்கத்து ஊருணிய பாத்தவங்களுக்குத் தெரியும், நாலு பக்கமும் செம்புறாங்கல்லு படி, பாக்கவே அம்சமா இருக்கும். இந்த ஊருணியிலயும் படியில பெருசா ஒண்ணும் கெடல. கெட்டது வரத்துக்கால். தண்ணி வர்ற வழி பூரா சீமைக்கருவேலமும் இடிச்ச வீட்டுக் கட்டட மண்ணும் கெடக்கு, மேல எவ்வளவு மழை பேஞ்சாலும் உள்ள வந்து சேராது. ஊருணி காஞ்சா சுத்தி இருக்க கெணத்துல ஊத்து கெடையாது. ஆனா ஓட்டுக்குப் போட்டோ போடணுமே, கருவேலங்காட்டை எடுத்துப் போட்டா யாரு பாப்பா? படித்துறை போட்டோவும் 2014ல செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியல்ல சேர்த்த விஷயமும்தான் வாட்ஸ்அப்ல ஓடுச்சு. அதனால கீழ ரெண்டு வரி, இந்தப் பணம் படிக்கு இல்ல வரத்துக்காலுக்குனு எழுதியே தீரணும்னு நான் ஆபீஸ்ல அடம்பிடிச்சேன், எழுதினோம்.

ஊருக்குள்ள போனாதான் நெஜமான சிரமம். ஒரு நம்பருக்கு ஒரு ஓட்டு, போன்ல ஓடிபி வரும், அதைப் போட்டாதான் ஓட்டு விழும். ஒரு அப்பத்தா கேட்டுச்சு, "ஏந்தம்பி, யாரு கேட்டாலும் அந்த நம்பரைச் சொல்லாதீகன்னு குழு மீட்டிங்ல நீதான சொன்ன, இப்ப நீயே வந்து நிக்கிற?" அந்த அப்பத்தா கேட்டது நூத்துக்கு நூறு சரி. பேங்க் பணம் போயி அழுதவங்களை இந்த ஊர்லயே பாத்திருக்கோம். ஊருணிக்காகன்னு ஒரு தடவை பழக்கிவிட்டா நாளைக்கு வேற எவனோ இதே மாதிரி வருவான். அதனால யாரு போனையும் நாங்க கையில வாங்குறதில்ல, நம்பரை அவங்களே பாத்து அவங்களே போடணும், முடியலன்னா ஓட்டு வேண்டாம்னு முடிவு பண்ணோம். ஓட்டு கொறைஞ்சுது, கொறையட்டும். இப்பவும் அதுதான் சரின்னு சொல்லுவேன்.

பெரியவர் ஒருத்தர் வேற மாதிரி கேட்டாரு. "அந்தக் காலத்துல ஏவாரத்துல மகமைன்னு ஒரு பங்கு எடுத்து வச்சு கோயிலு, ஊருணி எல்லாம் பாத்தாக, அழகப்பச் செட்டியார் நம்ம காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் சிக்ரிக்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் தூக்கிக் குடுத்தாரு, அதுக்கெல்லாம் யாருப்பா ஓட்டுப் போட்டா?" எனக்கு அந்தக் கேள்வி ரொம்ப நாள் மனசுல ஓடிட்டே இருந்துச்சு. குடுக்குறவரு மனசு வச்சா நடக்கும்ங்கிற காலம் போயி கேக்குறவங்க கூட்டம் காட்டினா நடக்கும்ங்கிற காலம் வந்திருக்கு, இதுல ஊர் ஜனத்துக்கு ஒரு பேச்சு கெடைக்குது, அது நல்லதுதான்.

ஆனா அந்தக் கூட்டம் எங்க இருக்கு? பிள்ளையார் நோன்பு சமயம், இழைன்னு சொல்ற திரி ஏத்தின மாவை எடுத்துக்க நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியாருங்க) கூடுற எடத்துலயெல்லாம் எங்க லிங்க்கை அனுப்பச் சொன்னோம், சென்னை கோயம்புத்தூர் சிங்கப்பூர் மலேசியானு ஒரே ராத்திரியில ஓட்டு ஏறுச்சு பாருங்க, எங்களுக்கே நம்ப முடியல. ஊர்ல வருஷம் முச்சூடும் இருக்க சனங்களோட ஓட்டு அதுல கொஞ்சந்தான். அந்தத் தண்ணியில ஆடு மாடு நனைக்கிறவங்க, கெணத்துத் தண்ணிய நம்பி இருக்கவங்க இவங்கதான். வெளியூர்ல இருக்கவங்க பாசத்தை நான் கொறைச்சுச் சொல்லல, அவங்க இல்லாம இந்தப் பணம் இல்ல. ஆனா பக்கத்துக் குடியிருப்புல இருந்தும் ஒரு ஊருணி அதே பட்டியல்ல இருந்துச்சு, எல்லாம் கூலி வேலைக்குப் போறவங்க, வெளிநாட்டுல ஒருத்தரும் இல்ல. அவங்க ஊருணி எங்களதவிட மோசம், கரையே அறுந்து கெடக்கு. அவங்களுக்கு விழுந்த ஓட்டைப் பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. தண்ணி எங்க இல்லைன்னு இந்த ஓட்டு சொல்லல, எந்த ஊர் ஆளுங்க எங்கெங்க பரவி இருக்காங்கன்னுதான் சொல்லுச்சு.

எங்களுக்குப் பணம் கெடச்சுது. வரத்துக்கால்ல வேலையும் ஆரம்பிச்சோம், மொதல்ல கிராம சபையில அளவு, எஸ்டிமேட்டு எல்லாம் வாசிச்சு கை தூக்கி ஒத்துக்கிட்ட பொறகுதான் ஜேசிபி எறங்குச்சு. என்னைக் கேட்டா கிராம சபை ஓட்டுதான் பெருசு, ஏன்னா அங்க "என் வீட்டுப் பக்கம் வரத்துக்கால் மேடா இருக்கு"ன்னு எந்திரிச்சுப் பேசலாம், போன்ல அது முடியாது. கம்பெனிக்காரங்ககிட்டயும் சொன்னோம், அடுத்த தடவை பாதி மார்க்கு ஓட்டுக்கு வைங்க, பாதியை எடத்தை நேர்ல வந்து பாத்துப் போடுங்கன்னு. பாக்குறோம்னாங்க.

பக்கத்துக் குடியிருப்பு ஊருணிய நமக்கு நாமே திட்டத்துல கொண்டு வரப் பாக்குறோம், ஊர்ப் பங்குன்னு ஒரு தொகை கட்டினா மீதியை அரசு போடும். அந்தப் பங்கு அவங்களால முடியாது. அதனால எங்களுக்கு ஓட்டுப் போட்ட அதே வாட்ஸ்அப் குரூப்புல இப்ப பணமாக் கேட்டிருக்கோம், சிங்கப்பூர்ல இருந்து ஒரு ஆச்சி மொத ஆளா அனுப்புனாக, அப்புறம் பலரும் அனுப்பிட்டிருக்காங்க. இன்னும் பாக்கி இருக்கு, தை மாசம் ஊருக்கு வர்றவங்ககிட்ட நேர்லயே போயி கேக்கப் போறோம்.