மெட் பேப்பர் பாஸ்: ஐசிங் கேள்விகளைப் பிடித்த வழி

ரிசல்ட் வந்துவிட்டது. சி.பி.எல். (வணிக விமானி உரிமம்) தேர்வில் மெட்டீராலஜி, அதாவது வானிலையியல் பேப்பரில், பாஸ் மார்க்கான 70-ஐத் தாண்டியாயிற்று. எவ்வளவு தாண்டினேன் என்று கேட்காதீர்கள். சூடு ஆறுவதற்குள் ஐசிங்கை, அதாவது விமானத்தில் ஐஸ் படிவதைப் பற்றி மட்டும் எழுதிவிடுகிறேன். மற்ற அத்தியாயங்களுக்கு ஆள் நிறைய இருக்கிறார்கள்.

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர்க்காரனான எனக்கு ஐசிங் வெறும் புத்தகச் சங்கதி. எங்கள் பக்கம் மார்கழியிலும் மின்விசிறி சுற்றும். கோச்சிங்கில் ஓர் அட்டவணையைக் கொடுத்து, எந்த மேகம், எத்தனை டிகிரி, என்ன ஐஸ் என்று உருப்போடச் சொன்னார்கள். காரணம் தெரியாமல் எனக்கு எதுவும் மண்டையில் ஏறாது. உங்களுக்கு உருப்போட வரும் என்றால் அந்த அட்டவணையே போதும், இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எனக்குக் கதவைத் திறந்தது ஒரே கணக்கு: 80-ல் ஒரு பங்கு.

மேகத்துக்குள் நீர்த்துளி பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போயும் உறையாமல் கிடக்கும், சில சமயம் −40 வரைக்கும்கூட. இறக்கையில் மோதியதும் உறையத் தொடங்கும். உறையும் பகுதி வெளிவிடும் வெப்பம் மீதித் தண்ணீரைப் பூஜ்ஜியத்துக்கு ஏற்றிவிடும். அதனால் ஒரு டிகிரிக்கு 80-ல் ஒரு பங்கு என்ற கணக்கில்தான் மோதிய கணத்தில் உறைகிறது. −4-ல் இருக்கும் துளியில் 20-ல் ஒரு பங்குதான். மீதி பின்னோக்கி வழிந்துகொண்டே நிதானமாக உறையும். காற்று வெளியேறிவிடும், தெளிவாகவும் கனமாகவும் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். அது கிளியர் ஐஸ். −20-ல் கால் பங்கு அப்போதே உறைந்துவிடும். துளியும் சிறியது என்றால் வழிய நேரமே இல்லை. காற்றையும் சேர்த்துப் பிடித்து, முன்விளிம்பிலேயே வெள்ளையாக, பொலபொலவென்று நிற்பது ரைம். மீன் இறங்குதளத்துக்கு வரும் ஐஸ் பாரைப் பாருங்கள்: ஓரம் தெளிவு, நடுவில் வெள்ளை. அந்த வெள்ளையும் சிக்கிய காற்றுதான்.

(இதை அப்பாவிடம் விளக்கினேன். "பிளேன்ல ஐஸா? எத்தனை பெட்டி மீன் போகும்?" என்றார்.)

இனிக் கேள்வியில் இரண்டை மட்டும் தேடுங்கள்: துளி பெரியதா, குளிர் எவ்வளவு.

- குவிமேகம், பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிர்: பெரிய துளி, கிளியர்.
- அடுக்குமேகம், நல்ல குளிர்: சிறு துளி, ரைம்.
- உறைமழை: மேலே வெப்பக் காற்று, கீழே பூஜ்ஜியத்துக்கும் கீழான காற்று, மேலிருந்து விழும் மழை கீழே குளிர்ந்துவிடும். வார்ம் ஃப்ரண்ட் (குளிர்காற்றின் மேல் வெப்பக் காற்று ஏறிவரும் எல்லை) என்றால் உடனே இது நினைவுக்கு வர வேண்டும். மேகத்துக்கு வெளியேயும் பிடிக்கும்.
- உறைதூறல்: சாதாரண மேகத்துளியைவிடப் பெரிய துளி, இறக்கையின் முன்விளிம்பில் உப்பி ஐஸை உடைக்கும் ரப்பர் உறையை (பூட்) தாண்டிப் பின்னால் போய் உறையும். 1994-ல் அமெரிக்காவின் ரோஸ்லானில் ஏ.டி.ஆர். 72 விமானம் விழுந்தது இப்படித்தான்.
- ஹோர் ஃப்ராஸ்ட் (ஈரம் நேரடியாக உறைந்து படியும் வெண்படிவு): மேகமே வேண்டாம். விமானம் குளிர்ந்த உடலோடு ஈரக் காற்றுக்குள் இறங்கினால் போதும்.

அப்புறம் கார்புரேட்டர், பிஸ்டன் இன்ஜினில் எரிபொருளையும் காற்றையும் கலக்கும் பாகம். நம் கடற்கரைப் பிள்ளைகள் இதைத்தான் ஊன்றிப் படிக்க வேண்டும். கார்த்திகையில் பாம்பன் பக்கம் 26, 27 டிகிரி, காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். அந்த நாளில், மேகமே இல்லாத இடத்தில்கூட, த்ராட்டிலை (இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் வால்வு) குறைத்து இறங்கும்போது கார்புரேட்டருக்குள் ஐஸ் கட்டலாம். எரிபொருள் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சுகிறது. கார்புரேட்டரின் குறுகலான கழுத்தில் (வெஞ்சுரி) அழுத்தம் விழுவதும் குளிர்விக்கிறது. இரண்டும் சேர்ந்து 20 டிகிரிக்கு மேல், மோசமான நிலையில் 30-ஐயும் தாண்டி இறக்கிவிடும். த்ராட்டில் வால்வு பாதி மூடியிருந்தால் அங்கேயே அடைப்பு. "வெளியே வெயில், ஆகவே ஐசிங் இல்லை" என்று ஒரு விடை இருந்தால் பேனாவைத் தள்ளி வையுங்கள், அது வலை.

அறிகுறியை ப்ரொப்பெல்லரை வைத்துக் கேட்பார்கள். ஃபிக்ஸட் பிட்ச் (இதழின் கோணம் மாறாதது) என்றால் ஆர்.பி.எம்., அதாவது நிமிடச் சுற்று, குறையும். கான்ஸ்டன்ட் ஸ்பீட் (கோணம் தானே மாறிச் சுற்றைச் சீராக வைப்பது) என்றால் ஆர்.பி.எம். அப்படியே நிற்கும், இன்ஜினுக்குள் போகும் கலவையின் அழுத்தமான மேனிஃபோல்டு பிரஷர் இறங்கும். கார்புரேட்டருக்குச் சூடான காற்றை விடும் கார்ப் ஹீட் பிடியை முழுதாக இழுத்ததும் ஐஸ் உருகி இன்ஜின் இன்னும் முரண்டு பிடிக்கும். பயந்து பிடியை மறுபடி உள்ளே தள்ளிவிடக் கூடாது.

எங்கள் பக்கத்து உச்சிப்புளியில் இருக்கும் பருந்து கடற்படை விமானத் தளத்து ஹெலிகாப்டர்களுக்கு இந்தக் கவலை இல்லை, டர்பைனுக்குக் கார்புரேட்டர் கிடையாது. ஆனால் டர்பைனுக்கு வேறு தொல்லை உண்டு: தரையில் ஓடும்போது உறிஞ்சலால் இன்டேக்கில் காற்று குளிரும், அதனால் +10 அல்லது அதற்குக் கீழே, மூடுபனியோ மழையோ இருந்தால் ஐசிங் நிலை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். உயரத்தில் சி.பி. மேகத்தை (இடிமேகம்) ஒட்டி ஐஸ் படிகங்கள் இருக்கும். குளிர்ந்த இறக்கையில் ஒட்டாது, இன்ஜினுக்குள் போய் உருகி மறுபடி உறையும். வேகத்தை அளக்கும் பிட்டாட் குழாயையும் அடைக்கும், 2009-ல் ஏர் பிரான்ஸ் 447 விமானத்துக்கு நேர்ந்ததுபோல.

நேவிகேஷனுக்கு என்னிடம் குறிப்பு இல்லை. ஆர்.டி.ஆர். (விமான ரேடியோ உரிமத் தேர்வு) இன்னும் எழுதவில்லை, முடித்தவர்கள் சொல்லுங்கள்.