உரமில்லாத பாத்தி

பயிர்ச் சோதனை வயல்களில் நான் முதலில் தேடுவது எந்த உரமும் போடாமல் விட்டு வைக்கும் அந்த ஒரு பாத்தியைத்தான். அது இல்லாவிட்டால், மற்ற பாத்திகளின் விளைச்சல் உரத்தால் வந்ததா, மண்ணிலேயே இருந்த சத்தால் வந்ததா என்று சொல்லவே முடியாது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில், பிராட்பாக் என்ற வயலில் 1843-இல் தொடங்கிய கோதுமைச் சோதனை இன்றும் நடக்கிறது. அங்கேயும் அன்று முதல் உரமே காணாத ஒரு துண்டு நிலம் உண்டு.

விளைச்சல் குறைந்தால் உடனே யூரியாவைக் கூட்டத்தான் கை போகிறது. துத்தநாகமோ சாம்பல் சத்தோ (பொட்டாசியம்) பற்றாக்குறையாக இருந்தால், யூரியா தரும் தழைச்சத்தை (நைட்ரஜன்) எவ்வளவு கொட்டினாலும் பயிர் அதை முழுதாக எடுத்துக்கொள்ளாது. நெல்லில் தழைச்சத்தையே, பயிர் பக்கத் தண்டுகள் விட்டுத் தூர் கட்டும்போதும் கதிர் உருவாகும்போதும் பிரித்துப் போட்டால், ஆவியாகியும் நீரில் கரைந்தும் வீணாவது குறைகிறது.

அப்புறம் விதைப்பு நாள். பெரிய செலவில்லாத மாற்றம், ஆனாலும் பலர் கண்டுகொள்வதில்லை என்பது எனக்கு வருத்தம். கோதுமையைத் தாமதமாக விதைத்தால், மணி முற்றும் நேரத்தில் வெப்பம் ஏறி மணி சுருங்கிப்போகும். சோதனை வைப்பவர்கள் தயவுசெய்து ஒரே உர அளவை வெவ்வேறு விதைப்பு நாட்களில் வைத்துப் பாருங்கள். ஒரு பருவத்தோடு முடிவு எழுதிவிட வேண்டாம்.